சட்டை மாற்றும் நேரம்

எலப்புள்ளியில் கடல் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகிற பக்கம், நெல்வயல்களும் கரும்பனைகளும் நிற்கிற ஊர் அது. தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து வரும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாரதப்புழை போகிற வழியிலேயே மேற்கே பொன்னானி வரை போக வேண்டும். ஆனாலும் கடல் ஐஸ் பெட்டியில் ஏறி ஊருக்குள் வந்துவிடுகிறது. மீன்காரரிடம் வாங்கிய அயிலையை (தமிழ்நாட்டில் நாம் கானாங்கெளுத்தி என்போம்) அடுக்களையில் வைத்துச் செவுளை விலக்கும்போது, என்றாவது ஒரு நாள் வெளிறிய நிறத்தில் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உடல் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். ஏழு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கொக்கி. மனிதரை அது ஒன்றும் செய்யாது. பிடுங்கி எறிந்துவிட்டு, மீனைக் கழுவிக் குழம்பு வைக்கிறோம்.

இன்னொரு நாள் அதே அடுக்களைக்குக் குளத்து மீன் வரும். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட மலம்புழா அணையின் கால்வாய்களும் மழையும் நிரப்புகிற பாலக்காட்டுக் குளங்களில் ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன. அந்த மீனின் உடலை விரலால் தடவும்போது சில சமயம் ஒரு செதில் நகரும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வட்டமான தட்டு, அதில் இரண்டு கருங்கண்கள். மீன் வளர்ப்பவர்கள் அதை மீன் பேன் என்கிறார்கள்.

இரண்டையும் நாம் பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளிகள். செவுளில் இருந்தது நோரிலேக்கா இண்டிகா. ஈர மண்ணில் பூந்தொட்டிக்கு அடியில் ஓடுகிற மரப்பேன்களின் குடும்ப வரிசையைச் சேர்ந்தது. செதில்மேல் இருந்தது ஆர்குலஸ். ஒட்டுண்ணியாக வாழப் போனபின் இவற்றின் உருவம் பெரிதும் மாறிவிட்டது. வளர்ந்த உருவத்தை மட்டும் பார்த்தால் இவை யார் என்பதும் புரியாது, எங்கே இவற்றை மடக்கலாம் என்பதும் புரியாது. கருவாக இருந்த நாளில் தொடங்கி, கழற்றிய ஒவ்வொரு சட்டையையும் எண்ணிக்கொண்டே வந்தால் இரண்டும் புரியும்.

எலும்பை வெளியே அணிந்தவர்கள்

நம் எலும்பு உடலுக்குள் இருக்கிறது. சதையோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. இறாலும் நண்டும் எலும்பை வெளியே அணிந்திருக்கின்றன. கைட்டின் என்ற நாரால் நெய்து, பல இனங்களில் சுண்ணாம்புச் சத்து ஏற்றிக் கெட்டியாக்கிய கவசம் அது. ஒரு முறை இறுகிவிட்டால் பெரிதாகாது. ஆகவே வளர வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டும்.

பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறோம். அது மேல்தோலோடு முடிந்துவிடும். நண்டு உரிப்பது அதைவிடப் பெரிய காரியம். கண்ணை மூடிய படலம், செவுளின் உறை, இரைப்பையின் உட்பூச்சு வரை எல்லாம் பழைய சட்டையோடு போய்விடும். அதற்குப் பல நாள் முன்பே ஆயத்தம் நடக்கிறது. பழைய ஓட்டிலிருந்து உள்தோல் விலகுகிறது. பழையதன் அடிப்பகுதியைக் கரைத்து, பயன்படுவதை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடியில் புதிய ஓடு மெல்லியதாக, மடிப்பு மடிப்பாக உருவாகிறது. குறித்த நேரத்தில் பழைய ஓடு வெடிக்க, உயிர் வெளியே நழுவி, நீரை உறிஞ்சி உடம்பை உப்பவைக்கிறது. புதிய ஓடு இறுகும் முன் அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அது மிருதுவாக, தற்காப்பின்றி, பெரும்பாலும் இரை எடுக்காமல் இருக்கும்.

இறாலிலும் நண்டிலும் இந்த வேலையைத் தொடங்கச் சொல்வது தலைப்பகுதியிலுள்ள ஒரு சுரப்பியின் ஹார்மோன். பொறு என்று அதைத் தடுத்து வைப்பது கண்காம்பிலிருந்து வரும் இன்னொரு ஹார்மோன். சினைப்பையை அடக்கி வைப்பதும் அதே கண்காம்புதான். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கிச் சினை பிடிக்க வைப்பது இதனால்தான்.

சட்டை உரிப்பதற்கும் செலவு, முட்டைக்குக் கரு சேர்ப்பதற்கும் செலவு. இரண்டுக்கும் ஒரே பத்தாயத்து நெல்லைத்தான் அளக்க வேண்டும். எப்போது எதற்கு என்பதை உடல் எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு மலபாரில் ஒரு நீண்ட மரபு உண்டு. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜி. அடியோடியும் ரீட்டா அடியோடியும் இறால், நண்டு இனங்களின் இனப்பெருக்க ஹார்மோன்களைப் பற்றி 1970-இல் எழுதிய விரிவான ஆய்வுரை உலகெங்கும் எடுத்தாளப்பட்டது.

ஒட்டுண்ணிக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அதற்குச் சோற்றுக் கவலை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரத்தம் கிடைக்கிறது. அதன் கவலை பிடிமானம். கொக்கியும் உறிஞ்சியும் சட்டையின் பகுதிகள்தாம். சட்டையைக் கழற்றும்போது கொக்கியும் கழன்றுவிடுமே? நீந்திக்கொண்டிருக்கும் மீனின் செவுளில் ஒரு நொடி பிடி தவறினால் கடலுக்குள் போய்விட வேண்டியதுதான். இந்த ஒட்டுண்ணிகளின் வாழ்க்கையில் சட்டை உரிக்கும் நேரம் ஏன் இவ்வளவு கவனமாக அமைந்திருக்கிறது என்பதற்கு விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

குழந்தை சொன்ன சாட்சி

1758-இல் லின்னேயஸ், நன்னீர் மீன்களின் உடலில் தலையைப் புதைத்துத் தொங்கும் நூல் போன்ற ஓர் உயிருக்கு லெர்னேயா என்று பெயரிட்டுப் புழுக்களோடு வைத்தார். வேறெங்கே வைப்பது? ஓடு தெரியவில்லை, நடக்கும் கால் தெரியவில்லை. மீனின் சதைக்குள் நங்கூரம்போல் கிளைத்த தலையும், வெளியே நீண்ட உடலும், அதன் நுனியில் இரண்டு முட்டைப் பைகளும்தான் தெரிந்தன. நம் மீன் பண்ணைகளிலும் இதை இன்றுவரை நங்கூரப் புழு என்றே சொல்கிறோம்.

ஃபின்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் ஃபான் நார்ட்மன் 1832-இல் இந்த வகை ஒட்டுண்ணிகளின் முட்டைகள் பொரிவதைக் கவனித்து எழுதினார். வெளியே வந்தது புழு அல்ல. மூன்று ஜோடி உறுப்புகளைத் துடுப்பாக வீசி நீந்துகிற, ஒற்றைக் கண் கொண்ட சிறு உயிர். நாப்ளியஸ் எனப்படும் அந்த இளவுயிரி உருவத்தோடுதான் பல வகை இறால்களும் கடல் பாறையில் ஒட்டும் கொட்டலசுகளும் முட்டையை விட்டு வெளிவருகின்றன. தாய் மறைத்து வைத்திருந்த குலப்பெயரைப் பிள்ளை சொல்லிவிட்டது.

அயர்லாந்தின் கார்க் நகரில் இராணுவ மருத்துவராக இருந்த ஜான் வான் தாம்ப்சன் இதே வழியில் இன்னும் விநோதமான ஒன்றைக் கண்டுபிடித்தார். நண்டின் வயிற்று மடலுக்கு அடியில் மஞ்சள் பை ஒன்று சில சமயம் ஒட்டியிருக்கும். வாய் இல்லை, கால் இல்லை, உடல் வளையங்கள் இல்லை. சாக்குலினா என்று பெயர். அந்தப் பையிலிருந்து நாப்ளியஸ் வெளிவருவதை 1836-இல் அவர் எழுதினார். அந்தப் பை கொட்டலசின் உறவு. அதன் வேர்கள் நண்டின் உடல் முழுவதும் பரவியிருக்கும். பை வெளியே தெரிந்தபின் அந்த நண்டு சட்டை உரிப்பதையே நிறுத்திவிடுகிறது. விருந்தோம்புகிறவனின் சட்டை மாற்றும் நாளைக்கூட விருந்தாளி தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது.

வயிற்றுக்கு அடியில் தொட்டில்

இனி செவுளில் உட்கார்ந்திருந்த உயிருக்குத் திரும்புவோம். அதன் குடும்பத்துக்குச் சைமோதாய்டுகள் என்று பெயர். மெக்சிகோ பக்கத்துக் கடல் மீன் ஒன்றின் நாக்கைச் சூம்பவைத்து, நாக்கு இருந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்வதாக 1983-இல் விவரிக்கப்பட்ட புகழ்பெற்ற ஒட்டுண்ணியும் இந்தக் குடும்பம்தான். நம் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கரையின் சைமோதாய்டுகளைத் தேடித் தொகுத்தார்கள். மேற்குக் கரையில் கண்ணூர் ஸ்ரீ நாராயணா கல்லூரியில் சுதா காப்பள்ளியும் பி. டி. அனீஷும் ஏ. கே. ஹெல்னாவும் அடங்கிய குழு, ஆயிக்கரைத் துறையில் இறங்கும் மீன்களின் வாயையும் செவுளையும் திறந்து திறந்து பார்த்தது. முரல் மீனில் வாழும் சைமோத்தோவா ஃப்ரான்டாலிஸ் என்ற இனத்தின் வாழ்க்கையை முட்டை முதல் தாய் வரை நிலை நிலையாக 2015-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இந்தக் குடும்பத்தின் தாய் முட்டைகளைக் கடலில் விடுவதில்லை. மார்புக் கால்களின் அடியிலிருந்து மெல்லிய தகடுகள் வளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பையாகின்றன. அந்தப் பைக்குள்தான் முட்டைகள் வந்து சேரும். இந்தப் பை எப்போதும் இருப்பதில்லை. தாய் ஒரு சட்டையைக் கழற்றி அடுத்ததை அணியும்போதுதான் பைத் தகடுகள் விரிந்த புதிய உடல் வெளிப்படுகிறது. தொட்டில் கட்டிய சட்டை அது. பிள்ளைகள் வெளியேறியபின் மறுபடியும் சட்டை மாறும். சட்டை உரிப்பதும் சினை சுமப்பதும் போட்டி போடாமல் முறை வைத்து வருகின்றன.

பைக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். முதலில் மஞ்சள் கரு நிறைந்த உருண்டைகள். பிறகு உருண்டை நீள்கிறது. உடலின் கண்டங்கள் கோடுகளாகத் தெரிகின்றன. கரு முதுகுப்புறமாக வளைந்து கிடக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாகக் கண்கள் கருக்கத் தொடங்குகின்றன. நாப்ளியஸ் நிலையை இவை முட்டைக்குள்ளேயே கடந்துவிடுகின்றன. முட்டையுறை கழன்றபின் வரும் முதல் குஞ்சின் உடலுக்குள் இன்னும் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அது நீந்தத் தெரியாதது. தாயின் பைக்குள் இருந்தபடியே அது சட்டை உரித்து, மான்கா என்ற நிலைக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான மான்காக்கள் கடலுக்குள் புறப்படுகின்றன.

மான்காவின் கால்களை எண்ணினால் ஆறு ஜோடிதான் இருக்கும். ஏழாவது ஜோடி இன்னும் முளைக்கவில்லை. பின்வரும் சட்டையில்தான் அது வரும். ஆனால் இப்போதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: பெரிய கண்கள், நீந்த உதவும் தூவல் மயிர்கள், பற்றிக்கொள்ளும் கொக்கிகள். சேர்த்துவைத்த கருச்சத்து தீர்வதற்குள் ஒரு மீனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டபின் வரும் சட்டைகளில் நீந்தும் மயிர்கள் போய்விடும். தொலைதூரப் பயணத்துக்கென்றே தைத்த சட்டை, ஊர் போய்ச் சேர்ந்தபின் தேவையில்லை.

பாதிப் பாதியாக

நண்டும் இறாலும் ஒரே மூச்சில் முழுச் சட்டையையும் விட்டு வெளியேறுகின்றன. மரப்பேன் வரிசை அப்படிச் செய்வதில்லை. உடலின் பின்பாதிச் சட்டை முதலில் கழலும். அது கழன்று பின்பாதி ஓரளவு தேறியபின்தான் முன்பாதி. நான்காம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் நடுவே எல்லைக்கோடு. நிலத்தில் வாழும் மரப்பேனிலும் இதே வழக்கம்தான். ஆகவே ஒட்டுண்ணி வாழ்க்கைக்காகப் புதிதாக வந்த ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. ஆனால் ஒட்டி வாழ்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து! பின்னங்கால்கள் மிருதுவாகக் கிடக்கும்போது முன்னங்கால்களின் கொக்கிகள் செவுளைப் பற்றியிருக்கும். பின்பு முறை மாறும். பனையேறுகிறவர் கால் பிடித்திருக்கும்போது கையையும் கை பிடித்திருக்கும்போது காலையும் மேலே கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இந்தச் சட்டைகளோடு சேர்ந்து பாலும் மாறுகிறது. மீனுக்குள் குடியேறும் இளசு முதலில் ஆணாக முதிர்கிறது. பிறகு சில சட்டைகளைக் கடந்து பெண்ணாகிறது. ஏற்கனவே ஒரு பெண் அங்கே இருந்தால் பின்னால் வந்தது ஆணாகவே இருந்துவிடும். மீனுக்குள் ஒரு பெரிய பெண்ணும் பக்கத்தில் ஒரு சிறிய ஆணும் இருப்பதை அடிக்கடி காண்பது இதனால்தான். ஆண், இடைநிலை, பெண் என்று கண்ணூர்க் குழு வரிசைப்படுத்திக் காட்டிய நிலைகள் ஒரே உயிர் அடுத்தடுத்து அணிந்த சட்டைகள்.

கல்லில் ஒட்டிய முட்டை

குளத்து மீன் பேன் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அதற்குத் தொட்டில் பை இல்லை. சினை முற்றிய தாய் மீனை விட்டு இறங்கி நீந்திப்போய், கல், கட்டை, படித்துறைச் சுவர் என்று கெட்டியான எதன்மேலாவது முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கிறது. ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில்கூட வைக்கும். பசையால் மூடிய அந்த வரிசைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கரு வளர வளர ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளிகள் தோன்றும். அவை கண்கள்.

இந்த வளர்ச்சியின் கடிகாரம் வெயிலிடம் இருக்கிறது. ஆர்குலஸ் ஜப்பானிகஸ் என்ற இனத்தைத் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டவர்கள், 15 டிகிரி வெப்பத்தில் முட்டை பொரிய 61 நாள் ஆவதையும், 35 டிகிரியில் 10 நாளே போதும் என்பதையும் கண்டார்கள். பாலக்காட்டுக் கோடை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். குளிர்நாட்டுக் குளத்தில் இரண்டு மாதம் தூங்கும் முட்டை இங்கே இரண்டு வாரத்தில் கண் திறந்துவிடும்.

பொரிந்து வரும் குஞ்சுக்குத் தாயின் பெருமைக்குரிய உறிஞ்சிகள் இருக்காது. அந்த இடத்தில் கொக்கி நுனி கொண்ட ஒரு ஜோடி உறுப்புகள்தாம் இருக்கும். சில நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். கிடைத்தால் உண்டு, சட்டை உரித்து, மறுபடி உண்டு, மறுபடி உரிக்கும். ஒவ்வொரு சட்டையிலும் அந்தக் கொக்கி உறுப்பின் அடிப்பகுதி சிறிது அகன்று, கிண்ணமாகி, கொக்கி தேய்ந்து, கடைசியில் வட்டமான உறிஞ்சியாகிவிடும். ஒரே உறுப்பு குழந்தைப் பருவத்தில் கொக்கி, வளர்ந்தபின் உறிஞ்சி. இடையில் ஏறத்தாழ பத்துச் சட்டைகள். வளர்ந்தபின்னும் அது உரிப்பதை நிறுத்துவதில்லை.

மருந்தா, நாட்காட்டியா

இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நார்வே நாட்டின் சால்மன் பண்ணைகளை அரித்துவரும் பேன் ஒன்றுக்குப் பத்து நிலைகள் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2013-இல் ஆய்வாளர்கள் சட்டை உரிப்பதை நேராகக் கவனித்து எண்ணியபோது எட்டுதான் வந்தது. மருந்து எந்த நாளில் எந்த நிலையைத் தாக்குகிறது என்று கணக்கிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு நிலை வித்தியாசம் சிறியதல்ல. சில மருந்துகள் கைட்டின் நெய்யப்படுவதையே தடுக்கின்றன. சட்டை மாற்றும்போதுதான் அவை கொல்லும். மாற்றாமல் இருக்கிற நாளில் ஊற்றினால் பேன் பிழைத்துக்கொள்ளும்.

நம் நாட்டில் மீன் பேனின் சேதம் சிறிதல்ல. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்து ஆய்வாளர்கள், கெண்டை மீன் குளங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 29,500 ரூபாய் இதனால் இழப்பாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு இழப்பைக் கண்ட விவசாயி பூச்சிமருந்துக் குப்பியை எடுப்பதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குப்பி பேனுக்கு மட்டும் என்று எழுதிய கடிதம் கிடையாது. கைட்டினைக் குலைக்கும் மருந்து, கைட்டின் அணிந்த எல்லாரையும் தொடும். மீன்குஞ்சுகள் தின்று வளர்கிற தண்ணீர்த் தெள்ளுகளும் ஆற்றுக்கொஞ்சும் வயல் நண்டும் அதே சட்டைக்காரர்கள். குளத்து நீர் குளத்தோடும் நிற்பதில்லை. மடை வழியே வயலுக்குப் போகிறது, மண் வழியே கிணற்றுக்கு இறங்குகிறது. 2025-இல் ஒரு மதுபான ஆலைத் திட்டத்தை எதிர்த்து எலப்புள்ளி மக்கள் நிலத்தடி நீருக்காகக் குரல் எழுப்பினார்கள். தண்ணீரின் அருமையை அந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆகவே பேனின் நாட்காட்டியைக் கையில் எடுப்போம். முட்டை வைக்கக் கெட்டியான இடம் வேண்டும் என்பது அதன் பலவீனம். குளத்தின் ஓரங்களில் மூங்கில் கழிகளையோ பலகைகளையோ நட்டுவைத்தால் தாய்ப் பேன்கள் அங்கே வந்து ஒட்டிவிட்டுப் போகும். வாரத்துக்கு ஒருமுறை கழியைப் பிடுங்கி வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி நடலாம். காய்ந்த முட்டை பொரியாது. கோடையில் இரண்டு வாரத்தில் பொரியக்கூடியதை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டால் ஒரு தலைமுறையே குறைந்துபோகும். மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்தை வற்றவைத்து, வெடிப்பு விடும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு போடுவதும் இதே கணக்குத்தான். வெளியிலிருந்து வாங்கிய மீன்குஞ்சுகளைச் சில நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது, வரும் பேன்களை வாசலிலேயே நிறுத்தும். இவற்றோடும் அடங்காத தாக்குதல் வந்தால் மீன்வளத் துறையின் ஆலோசனையோடு மருந்துக்குப் போகலாம். அப்போதும் எந்த நிலைப் பேன் குளத்தில் இருக்கிறது என்று பார்த்தபின்.

மூங்கில் கழியைப் பிடுங்கியதும் உடனே காயப்போட வேண்டாம். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்த முட்டை வரிசையைப் பாருங்கள். உள்ளே தெளிவாக இருந்தால் சரியான நாளில் எடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளிகள் உங்களைத் திரும்பிப் பார்த்தால், அடுத்த வாரம் ஓரிரு நாள் முன்னதாகவே கரைக்கு வாருங்கள்.